இடமும் கொள்ளளவும்: எவர்டன் கால்பந்துக் கழகத்தின் அரங்கத் தேர்வு வரலாறு (1892–2025)

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சார்ந்த எவர்டன் கால்பந்துக் கழகம் 1892இல் குடிசன் பார்க் அரங்கத்தை அமைத்துக்கொண்டது. அதற்கு மாற்றாக ஓர் அரங்கம் காணும் முயற்சி 1990களில் தொடங்கி 2025இல்தான் நிறைவுற்றது. இடைப்பட்ட காலத்தில் முன்வைக்கப்பட்ட திட்டங்களில் இடம், கொள்ளளவு ஆகிய இரண்டும் எவ்வாறு முடிவுசெய்யப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கொள்ளளவு என்பது வரக்கூடிய பார்வையாளர்களின் எண்ணிக்கையிலிருந்து மட்டும் பெறப்படுவதன்று. நிலத்தின் வடிவம், சட்டம், கடன் ஆகியவற்றால் அது தீர்மானிக்கப்படுகிறது என்பதும், இடத்தேர்வில் நகர எல்லை பற்றிய உணர்வு கணக்கிற்கு அடங்காத ஆற்றலாக நின்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: எவர்டன், குடிசன் பார்க், பிராம்லி-மூர் கப்பல்துறை, கொள்ளளவு, நகர வரலாறு, உலகப் பாரம்பரியம்.

முன்னுரை

கொள்ளளவு என்னும் சொல்லை ஏரி, அணை, பாத்திரம் ஆகியவற்றுக்கே நாம் பெரிதும் வழங்கி வருகிறோம். ஓர் அணையின் கொள்ளளவை அதன் பள்ளமும் கரையும் தீர்மானிக்கின்றன. விளையாட்டு அரங்கத்திற்கு அச்சொல்லைப் பயன்படுத்துகையில், அதுவும் அவ்வாறே அளந்தறியத்தக்க ஓர் இயற்கைப் பண்பு என்ற எண்ணம் நம்மையறியாமல் புகுந்துவிடுகிறது. எவர்டன் கழகத்தின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது. ஒரே நிலத்தில் நின்ற ஒரே அரங்கம் 1948இல் 78,299 பேரைக் கொண்டது. அதன் இறுதிக் காலத்தில் 39,414 பேருக்கே இடமளித்தது. நிலம் சுருங்கவில்லை, பார்வையாளரை எண்ணும் முறையே மாறியது.

அரங்கங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கட்டடக்கலை சார்ந்தவையாகவோ வெற்றி தோல்விகளின் நினைவுக்குறிப்புகளாகவோ அமைகின்றன. ஓர் அரங்கம் ஏன் அந்த இடத்தில், அந்த அளவில் எழுந்தது என்னும் வினா நகர வரலாற்றுக்கு உரியது. கட்டப்பட்ட அரங்கத்தோடு கட்டப்படாத அரங்கங்களையும் சேர்த்து நோக்கினால்தான் அவ்வினாவிற்கு விடை கிடைக்கும். எவர்டன் அதற்கு வளமான சான்று. அதன் கைவிடப்பட்ட திட்டங்கள் கட்டப்பட்டவற்றினும் மிகுதி.

வாடகைப் பிணக்கும் குடிசன் பார்க்கும்

தூய தொமிங்கோ மெதடிஸ்ட் ஆலயத்தைச் சேர்ந்தோர் 1878இல் தொடங்கிய குழு, அடுத்த ஆண்டே எவர்டன் என்னும் பெயரைப் பெற்றது. ஸ்டான்லி பூங்காவின் திறந்தவெளியில் ஆடிவந்த அக்குழு 1884இல் ஆன்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தது. அந்நிலம் விரைவில் ஜான் ஹோல்டிங் என்பவரின் உடைமையாயிற்று. அவர் மதுவடிசாலை உரிமையாளர். நகர அரசியலில் செல்வாக்குடையவர். கழகத்தின் தலைவராகவும் விளங்கியவர். கழகம் வளர வளர ஆண்டு வாடகை 100 பவுண்டிலிருந்து 250 பவுண்டாக உயர்ந்தது. தம் நிலத்தைக் கழகமே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஹோல்டிங் முன்வைத்த திட்டத்தை உறுப்பினர்கள் ஏற்கவில்லை. மதுவிலக்கில் நாட்டமுடைய ஆலயத் தரப்பினருக்கும் மதுவடிசாலை உரிமையாளருக்கும் இடையிலான கசப்பும் இதில் கலந்திருந்தது.

1892 தொடக்கத்தில் ஜார்ஜ் மேஹன் தலைமையிலான பிரிவினர் ஸ்டான்லி பூங்காவின் மறுபுறத்தில் இருந்த மியர் கிரீன் என்னும் வெற்றுநிலத்தைத் தேர்ந்தெடுத்தனர். மேஹன் அதே ஆலயத்தின் இசைக்கருவி வாசிப்பாளர். மருத்துவர் ஜேம்ஸ் பேக்ஸ்டர் 1,000 பவுண்டை வட்டியின்றிக் கடனாக அளித்தார். நிலத்தைச் சமன்செய்து, வடிகால் அமைத்து, மாடங்களை எழுப்பி 1892 ஆகஸ்ட் 24 அன்று அரங்கம் திறக்கப்பட்டது. இடம் தேர்ந்தது முதல் திறப்பு வரை சில திங்கள்களே ஆயின. வெறுமையான ஆன்ஃபீல்டை வைத்துக்கொண்டு ஹோல்டிங் புதிய கழகம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்றைய லிவர்பூல் கால்பந்துக் கழகம்.

இவ்விரைவை அக்காலத்தாரின் செயல்திறத்திற்கு மட்டும் உரித்தாக்குவது பொருந்தாது. நகரம் அன்று அப்பகுதியை முற்றிலும் விழுங்கியிருக்கவில்லை. நெடிய திட்ட அனுமதி நடைமுறையும் இருக்கைக்கு ஓர் ஆள் என்னும் கணக்கும் அன்று இல்லை. பழைய இடத்திலிருந்து புதிய இடத்திற்குப் பூங்காவைக் கடந்து நடந்தே செல்லலாம் என்பதால் ஆதரவாளர்களை இழக்கும் அச்சமும் எழவில்லை.

ஒரு நிலம், இரு கணக்குகள்

குடிசன் பார்க்கைச் சுற்றிலும் விரைவில் தெருக்கள் எழுந்தன. ஒரு மூலையில் தூய லூக்கா ஆலயம் அரங்கத்தை ஒட்டியே நின்றது. பக்கவாட்டில் விரிய இயலாத கழகம் மேல்நோக்கி வளர்ந்தது. ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்த மாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து, 1938இல் கிளாடிஸ் தெரு மாடம் முடிவுற்றபோது நான்கு பக்கங்களிலும் ஈரடுக்கு மாடங்களையுடைய அரங்கமாகக் குடிசன் திகழ்ந்தது. அவ்வொரு மாடத்திற்காகவே வீடுகள் இடிக்கப்பட்டன. வெளியேற மறுத்த ஒரு முதியவரால் பணி தாமதமானதாகவும் கூறுவர்.

1948 செப்டம்பர் 18 அன்று லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தைக் காண 78,299 பேர் திரண்டனர். இருக்கையின்றிப் படிக்கட்டுகளில் நின்றோரே அவர்களுள் பெரும்பாலோர். அன்றைய கொள்ளளவு, உடல்கள் எவ்வளவு நெருங்கி நிற்க இயலும் என்பதன் அளவு. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்புதான் போல்டன் நகரின் பர்ன்டன் பார்க்கில் நெரிசலில் 33 பேர் மாண்டிருந்தனர். 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸில் 66 பேர் இறந்தபின் 1975இல் விளையாட்டரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1985இல் பிராட்ஃபோர்டு மரமாடத் தீயில் 56 பேர் மாண்டனர். 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோவில் நிகழ்ந்த நெரிசல் 97 லிவர்பூல் ஆதரவாளர்களின் உயிரைப் பறித்தது. அவர்களுள் ஒருவர் காயங்களின் விளைவால் 2021இல் இறந்தவர். நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் அளித்த இறுதி அறிக்கையின் வழி, உயர்நிலைக் கழகங்களின் அரங்கங்கள் அனைத்தும் இருக்கை மட்டுமே கொண்டனவாக மாற வேண்டியதாயிற்று.

இச்சாவுகளின் பட்டியலை அரங்க வரலாற்றின் பின்னிணைப்பாகக் கருதும் வழக்கம் உண்டு. கட்டுரையாளரின் பார்வையில் அவையே கொள்ளளவு என்னும் சொல்லின் பொருளை மாற்றியவை. 1990களில் குடிசன் ஏறத்தாழ 40,000 இருக்கைகளில் அடங்கியது. லீச்சின் தூண்கள் பல இருக்கைகளின் பார்வையை மறைத்தன. விருந்தோம்பல் அறைகளுக்கும் உயர்விலை இருக்கைகளுக்கும் இடமே இல்லை. 1992இல் தொடங்கிய பிரீமியர் லீக்கின் பொருளியலில் இக்குறை ஆண்டுதோறும் பெரிதாகத் தெரிந்தது. விரிவாக்கத்தை ஒருபுறம் ஆலயமும் மறுபுறங்களில் வீடுகளும் பள்ளியும் தடுத்தன. ஆகவே வேறிடம் நாட வேண்டியதாயிற்று.

கிங்ஸ் டாக்: கைநழுவிய இடம்

1990களின் நடுப்பகுதியில் அன்றைய தலைவர் பீட்டர் ஜான்சன் 60,000 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கம் பற்றி அறிவித்தார். அவ்வெண்ணிக்கைக்குரிய இடம் உறுதியாகவில்லை. இடமின்றி முன்வைக்கப்பட்ட எண் என்பதால் அது விரைவில் மறக்கப்பட்டது.

2001ஐ ஒட்டி உருவான கிங்ஸ் டாக் திட்டம் அவ்வாறானதன்று. மெர்சி ஆற்றங்கரையில், நகர மையத்தை ஒட்டி, பயனற்றுக் கிடந்த கப்பல்துறை நிலத்தில் 55,000 இருக்கைகளும் மூடித்திறக்கும் கூரையும் கொண்ட அரங்கம் வரையப்பட்டது. பொது நிதியும் அதில் பங்குகொள்வதாக இருந்தது. கழகம் தன் பங்காகத் திரட்ட வேண்டிய ஏறத்தாழ 30 மில்லியன் பவுண்டைத் திரட்ட முடியவில்லை. 2003இல் திட்டம் கைவிடப்பட்டது. அவ்விடத்தில் பின்னர் எழுந்த இசை, மாநாட்டு அரங்கம் 2008இல் திறக்கப்பட்டது. பின்னாளில் பிராம்லி-மூர் அரங்கத்திற்குச் செலவானதாகக் கூறப்படும் தொகை 750 மில்லியன் பவுண்டை ஒட்டியது. அதனோடு ஒப்பிட்டால் அந்த 30 மில்லியனின் சிறுமை வியப்பளிக்கிறது. ஆதரவாளர்கள் இன்றும் அதைக் கசப்புடன் நினைவுகூர்வதில் நியாயம் உண்டு.

கிர்க்பி: எல்லைக்கு அப்பால்

2006இல் கழகம் எதிர்பாராத திசையில் திரும்பியது. லிவர்பூல் நகராட்சியின் எல்லைக்கு வெளியே நோஸ்லி நகராட்சியில் உள்ள கிர்க்பியில், டெஸ்கோ பேரங்காடி நிறுவனத்துடன் இணைந்து ஏறத்தாழ 50,000 இருக்கைகள் கொண்ட அரங்கம் அமைப்பது திட்டம். அங்காடி வளாகத்தின் இலாபம் அரங்கச் செலவின் ஒரு பகுதியைத் தாங்கும் என்பது கணக்கு. நிலம் உண்டு, பங்காளி உண்டு, எண்ணிக்கை போதியது. பொருளியல் ஏடுகளில் குறை காண்பது கடினம்.

எதிர்ப்பு வேறிடத்திலிருந்து வந்தது. கழகத்தை நகரத்திலேயே வைத்திருங்கள் என்னும் முழக்கத்துடன் ஆதரவாளர் இயக்கம் ஒன்று எழுந்தது. குடிசனிலிருந்து கிர்க்பி சில மைல் தொலைவே. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப்போருக்குப் பின் லிவர்பூலின் நெரிசல் குடியிருப்புகளிலிருந்து குடியேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்கள். எவர்டன் ஆதரவாளர் பலர் அங்கேயே வசித்தனர். எனவே கிர்க்பி அயலூர் என்னும் வாதம் வரலாற்று நோக்கில் வலுவற்றது என்று கூறலாம். ஆயினும் ஆட்சி எல்லைக்கோடு ஒன்று உணர்வின் எல்லைக்கோடாக மாறியிருந்தது. நகரத்தின் இரு கழகங்களில் ஒன்று நகரத்திற்கு வெளியே சென்றால், நகரத்தின் பெயர் மற்றொன்றுக்கே உரியதாகிவிடும் என்னும் அச்சம் அதில் இருந்தது. எவர்டன் தன் பெயரில் நகரத்தின் பெயரைத் தாங்காத கழகம் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

2007 ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் 59 விழுக்காட்டினர் இடமாற்றத்தை ஆதரித்தனர். கழகம் இதை ஒப்புதலாகக் கொண்டது. பத்தில் நால்வர் எதிர்த்த ஒன்றை ஒப்புதல் என்று கொள்ளலாமா என்னும் வினா வாக்கெடுப்போடு அடங்கவில்லை. அரசு இத்திட்டத்தைத் தன் நேரடி முடிவிற்கு எடுத்துக்கொண்டு பொது விசாரணை நடத்தியது. 2009 நவம்பரில் திட்டம் நிராகரிக்கப்பட்டது. அங்காடி வளாகத்தின் பேரளவு சுற்றியுள்ள ஊர்களின் கடைவீதிகளைப் பாதிக்கும் என்பதே முதன்மைக் காரணம். ஆதரவாளர் எழுப்பிய நகர எல்லை வாதத்தின் மீது தீர்ப்பு அமையவில்லை. அரங்கத்தைத் தாங்க வந்த அங்காடியே அரங்கத்தை வீழ்த்தியது.

2014இல் முன்வைக்கப்பட்ட வால்டன் ஹால் பூங்காத் திட்டம் குடிசனுக்கு மிக அருகில், நகர எல்லைக்குள் இருந்தது. பொதுப் பூங்காவை இழக்க மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்; நிதி ஏற்பாடும் கூடிவரவில்லை. 2016 மே மாதம் அதுவும் கைவிடப்பட்டது.

பிராம்லி-மூர்: நீரின் மேல் அரங்கம்

2016இல் ஃபர்ஹாத் மோஷிரி கழகத்தின் பெரும்பங்காளியானதும் தேடல் மீண்டும் ஆற்றங்கரைக்குத் திரும்பியது. 2017இல் பிராம்லி-மூர் கப்பல்துறை தேர்வாயிற்று; நில உரிமையாளரான பீல் நிறுவனத்திடம் நெடுங்காலக் குத்தகை பெறப்பட்டது. ஜெஸ்ஸி ஹார்ட்லி என்னும் பொறியாளர் கட்டிய இத்துறை, வேறு நான்கு துறைகளோடு 1848 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. கருங்கற்சுவர் சூழ்ந்த இந்நீர்த்தேக்கம் பின்னர் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பயன்பட்டது. 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட லிவர்பூல் கடல் வணிக நகரின் எல்லைக்குள்ளேயே அது அமைந்திருந்தது.

இங்கு இடமும் கொள்ளளவும் ஒன்றையொன்று பிணைத்த விதம் தெளிவாகப் புலப்படுகிறது. கட்டடக் கலைஞர் டான் மெய்ஸ் அரங்கத்தைக் கப்பல்துறையின் நான்கு சுவர்களுக்குள் வடதெற்காகப் பொருத்த வேண்டியிருந்தது. தெற்கில் நெல்சன் துறை; வடக்கில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்; மேற்கில் ஆறு; கிழக்கில் பாதுகாக்கப்பட்ட பழைய துறைமுக மதில். உயரத்திற்கும் வரம்பு உண்டு, ஆற்றங்கரையின் வான்விளிம்பு பாரம்பரியத்தின் ஒரு கூறு. மிக அருகில் உள்ள சாண்ட்ஹில்ஸ் இரயில் நிலையம் சிறியது. எனவே 52,888 என்னும் எண் 2019 ஜூலையில் அறிவிக்கப்பட்டபோது, அது விருப்பத்தின் எண்ணாக இல்லாமல் பொருந்துதலின் எண்ணாக இருந்தது. பின்னர் 52,769 இருக்கைகளாக அது நிலைபெற்றது. தெற்கு மாடம் மட்டும் ஏறத்தாழ 13,000 பேரைச் செங்குத்தாக அடுக்கிவைக்கிறது.

ஆதரவாளர் சிலருக்கு இவ்வெண்ணில் மனக்குறை இருந்தது. ஆன்ஃபீல்டு அப்போதே 54,000ஐ எட்டியிருந்தது. பின்னர் 61,000 வரை விரிந்தது. பக்கத்து வீட்டாரை நோக்கி அளவிடும் பழக்கம் 1892 முதல் அவ்வூரில் மாறவில்லை. ஆயினும் இருக்கைகள் வெறுமையாகக் கிடக்கும் அபாயம் கற்பனையன்று. டார்லிங்டன் கழகம் சில ஆயிரம் பேர் மட்டுமே வரும் நிலையில் 2003இல் 25,000 இருக்கைகள் கொண்ட அரங்கத்தைக் கட்டியது. பெருங்கடனில் மூழ்கி 2012இல் அவ்வரங்கத்தை விட்டே வெளியேறியது. எவர்டனின் நிலை வேறு, குடிசன் தொடர்ந்து நிறைந்தே இருந்தது. ஆனால் 39,000 பேர் நிறைவதிலிருந்து 52,000 பேர் நிறைவர் என்று முடிவு செய்வது ஊகமே. கணக்காளர் அதை ஊகமென்று ஒப்புக்கொள்வதில்லை.

எதிர்ப்பு பாரம்பரியக் காவலர்களிடமிருந்து வந்தது. இங்கிலாந்தின் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, நீர்த்தேக்கத்தைத் தூர்ப்பது ஈடுசெய்ய முடியாத இழப்பு என்னும் நிலையில் நின்று எதிர்த்தது. 2021 பிப்ரவரியில் நகராட்சி ஒருமனதாக அனுமதித்தது. கிர்க்பியில் தலையிட்ட அரசு இம்முறை தலையிடவில்லை. 2021 ஜூலை 21 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு லிவர்பூலைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குமுன் நீக்கப்பட்டவை ஓமானின் அரேபிய மறிமான் சரணாலயமும் ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பா பள்ளத்தாக்குமாகிய இரண்டே.

நீக்கத்திற்கு அரங்கமே காரணம் என்னும் பரவலான கூற்று முழு உண்மையன்று. வடகரை முழுவதையும் உயர்கட்டடங்களால் நிரப்பத் திட்டமிட்ட லிவர்பூல் வாட்டர்ஸ் வளர்ச்சித் திட்டத்தின் பொருட்டு 2012லேயே நகரம் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் வைக்கப்பட்டது. அரங்கம் அந்நெடிய வழக்கின் இறுதிச் சான்றாயிற்று எனலாம். அதே வேளையில், அப்பகுதி பல்லாண்டுகளாகப் பாழடைந்து மதிலுக்குப் பின் மறைந்து கிடந்தது என்பதை மட்டும் கூறி இழப்பை இல்லையென்று ஆக்குவதும் நேர்மையன்று. ஹார்ட்லியின் ஐந்து துறைகளில் ஒன்றில் இன்று நீர் இல்லை. அயர்லாந்துக் கடலடியிலிருந்து உறிஞ்சிக் கொணர்ந்த நான்கு இலட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட மணல் அதில் நிரப்பப்பட்டது. துறையின் சுவர்கள் மணலுக்கடியில் சிதையாமல் விடப்பட்டன. என்றேனும் தோண்டியெடுக்கலாம் என்பது திட்டத்தாரின் சமாதானம். நீராற்றலால் துறைக் கருவிகளை இயக்கிய பழைய எந்திரக்கூடமும் அதன் கோபுரமும் அரங்கத்தின் முன்றிலில் புதுப்பிக்கப்பட்டு நிற்கின்றன.

கடனின் நிழல்

2021 ஆகஸ்டில் பணி தொடங்கியபின் கழகம் கண்ட இடர்களுள் பல அரங்கத்தோடு தொடர்புடையவை. 2022இல் உக்ரைன் போரையடுத்து அலிஷெர் உஸ்மானோவ் தொடர்புடைய நிறுவனங்களின் விளம்பர ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. அரங்கப் பெயருரிமைக்கான எதிர்பார்ப்பும் அவற்றோடு நீங்கியது. 2023 ஆகஸ்டில் கட்டுமானப் பணியாளர் ஒருவர் விபத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில், அனுமதிக்கப்பட்ட 105 மில்லியன் பவுண்டு இழப்பு வரம்பைக் கழகம் 19.5 மில்லியன் மீறியதாகக் கண்டு 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆயிற்று. அரங்கத்திற்கென எடுத்த கடனின் வட்டி எக்கணக்கில் சேரும் என்பது அவ்வழக்கின் சிக்கல்களுள் ஒன்று. ஆடுகளத்தில் பெற்ற புள்ளிகளை, இன்னும் எழாத மாடங்களின் வட்டிக்கணக்கும் சேர்ந்து குறைத்த விந்தையை வேறு துறைகளில் காண்பது அரிது. 2024 டிசம்பரில் கழகம் அமெரிக்காவின் ஃபிரீட்கின் குழுமத்தின் கைக்கு மாறியது. வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றின் பெயரால் இன்று அரங்கம் ஹில் டிக்கின்சன் அரங்கம் எனப்படுகிறது.

1892இல் ஒரு மருத்துவரின் வட்டியில்லாக் கடனும் உறுப்பினர்களின் பங்குத்தொகையும் போதியனவாக இருந்தன. மூன்று அரங்கத் திட்டங்களை இழந்த தலைமுறையினர், நான்காவதை உரிமையாளர் மாற்றம், புள்ளியிழப்பு, பாரம்பரிய நீக்கம் ஆகியவற்றோடு சேர்த்தே பெற்றனர்.

புதிய அரங்கத்தில் முதல் லீக் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 24 அன்று நடைபெற்றது. குடிசன் திறக்கப்பட்டதும் ஓர் ஆகஸ்ட் 24தான். இடையே 133 ஆண்டுகள். ஆடவர் அணி 2025 மே 18 அன்று குடிசனில் இறுதியாக ஆடியது. இடித்து வேறு பயனுக்கு நிலத்தை மாற்றுவதாகவே நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்த அவ்வரங்கம், இறுதி நேரத்தில் கழகத்தின் மகளிர் அணிக்கு உரியதாக அறிவிக்கப்பட்டது. ஆடவர் அணிக்குச் சிறியதென்று விடப்பட்ட அதே மாடங்களில், இப்போது மகளிர் ஆட்டங்களுக்கு எத்தனை பகுதிகளைத் திறப்பது என்பது கழகம் முடிவுசெய்ய வேண்டிய புதிய கணக்காகியுள்ளது.